கல்லட்டியின் 36 வளைவுகளும் இண்டியானாபொலிஸின் பதிமூன்றாம் வளைவும்

கிளென்மார்கன் தேயிலைத் தோட்டத்தின் விளிம்பில் நின்றால் கீழே சிங்காரா காடு தெரியும். இங்கே தேங்கும் பைக்காரா தண்ணீர் குழாய்க்குள் புகுந்து, ஏறக்குறைய 3,000 அடி கீழே இருக்கும் மின்நிலையத்துக்கு நேராக இறங்குகிறது. 1932-இலிருந்து அப்படித்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது. மின்வாரிய ஊழியர்களுக்காகப் போட்ட விஞ்சும் அதே மாதிரிதான். சரிவில் ஒரு தண்டவாளம், ஒரு கம்பிவடம், ஒரு பெட்டி. ஸ்டீயரிங்கே இல்லாத வண்டி.

காரில் இறங்க வேண்டுமென்றால் கதை வேறு. ஊட்டிப் பக்கம் திரும்பி வந்து, தலைக்குந்தாவில் பிரிந்து, கல்லட்டி வழியாக மசினகுடிக்குப் போக வேண்டும். வழியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கும். இந்தச் சாலையில் பழகிய ஜீப் ஓட்டுநர்கள் புதிதாக வருபவருக்கு இரண்டே பாடம் சொல்வார்கள். ஒன்று, வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைத்துவிடு. இரண்டு, அகட்டி வாங்கித் திருப்பு. ஃபார்முலா 1 ஓட்டுநருக்குப் பொறியாளர்கள் கணினித் திரையில் கோடு போட்டுக் காட்டுவதும் ஏறத்தாழ இதைத்தான்.

கார் பந்தயம் என்றதும் நம் கண்ணில் வருவது நேர்ப்பாதையில் சீறும் வண்டி. நேர்ப்பாதையில் ஓட்டுநருக்கு அதிக வேலை இல்லை. காலை அழுத்தி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பந்தயம் நடப்பது வளைவில். எந்த வளைவு யாரைக் கவிழ்த்தது, யாரைத் தூக்கிவிட்டது என்று பார்த்தால் ஒருவருடைய பந்தய வாழ்க்கையையே சொல்லிவிடலாம். கோவைக்காரர் ஒருவர், சென்னைக்காரர் ஒருவர் என்று நம் ஊரிலிருந்து ஃபார்முலா 1 வரை போன இருவருடைய கதையையும் அப்படித்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன் வளைவைப் பற்றிக் கொஞ்சம்.

ஓடுகிற வண்டிக்குத் திரும்பப் பிடிக்காது. விட்டால் நேராகவே போகும். அதை உள்பக்கம் இழுத்துத் திருப்புவது, நான்கு டயர்கள் தரையைப் பற்றியிருக்கும் பிடிப்பு. வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் பிடிப்பு நான்கு மடங்காகிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் சமர்த்தாகத் திரும்பிய ஜீப் 40-இல் ஏன் மிரளுகிறது என்பதற்கு விடை இதுதான். வளைவு இறுக்கமாக இருந்தால் தேவை இன்னும் கூடும்.

ஒரு சின்னக் கணக்கு. 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவு. காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர். அதிகபட்சமாக மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பலாம். அதற்கு மேல் போனால் டயர் வழுக்கும். அதே வளைவை வெளி ஓரத்திலிருந்து ஆரம்பித்து, நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போய் முடித்தால், வண்டி வரையும் வில் பெரிதாகிவிடும். ஆரம் 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் வேகம் 50-ஐத் தொடும். சாலை அதேதான், டயர் அதேதான். போகிற கோடு மட்டும் மாறியிருக்கிறது. பந்தயக்காரர்கள் இதை 'லைன்' என்பார்கள். உள் ஓரத்தைத் தொடும் அந்தப் புள்ளி 'ஏபெக்ஸ்'.

(கல்லட்டியில் யாரும் இதைச் செய்துபார்க்க வேண்டாம். அங்கே வெளி ஓரம் எதிரே ஏறி வரும் பேருந்துக்குச் சொந்தம்.)

ஃபார்முலா 1-இன் மிக மெதுவான வளைவும் ஒரு கொண்டை ஊசிதான். மொனாக்கோ நகரத் தெருக்களில், ஒரு ஓட்டலைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. மணிக்கு 300 கிலோமீட்டர் சாதாரணமாகப் போகும் வண்டிகள் அங்கே 50-க்குப் பக்கத்தில் ஊர்ந்து திரும்புகின்றன. மற்ற ஊர்களில் ஓடும் ஸ்டீயரிங் அமைப்பு அங்கே போதாது. சக்கரம் இன்னும் அதிகமாகத் திரும்பும்படி, அந்த ஒரு பந்தயத்துக்காகவே முன்பக்கத்தை மாற்றிக்கொண்டு வருவார்கள். கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த வண்டி, நம் மலைப் பேருந்து அன்றாடம் செய்யும் வேலைக்குத் தனியாகத் தயாராக வேண்டியிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு அற்ப சந்தோஷம்.

பிரேக் விஷயத்துக்கு வருவோம். டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி, அளவோடு வருவது. அதைப் பிரேக்குக்கும் செலவழிக்கலாம், திருப்பத்துக்கும் செலவழிக்கலாம். முழுவதையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினால், வண்டி கேட்காமல் நேராகப் போகும். அதனால் புதியவர்களுக்குச் சொல்லித்தருவது, நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடித்துவிடு என்பது. தேர்ந்தவர்கள் அப்படி முடித்துவிடுவதில்லை. பிரேக்கை மெல்லத் தளர்த்திக்கொண்டே, தளர்கிற அளவுக்குத் திருப்பத்தைக் கூட்டுவார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன் டயர்கள் அழுந்தி நன்றாகப் பற்றும். அந்தப் பற்றுதலை வளைவின் உள்முனை வரைக்கும் கொண்டுபோவதுதான் வித்தை. ஒரு சுற்றுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு இப்படித்தான் கிடைக்கும். அது தப்பாகப் போகிற அன்று பின்பக்கம் சுழன்று, வந்த வழியைப் பார்த்து நிற்க நேரும்.

எல்லா வளைவும் ஒரே மதிப்புள்ளதல்ல. அடுத்து நீளமான நேர்ப்பாதை வருகிறது என்றால், வளைவுக்குள் கொஞ்சம் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, வெளியே சீக்கிரம் காலை அழுத்த வேண்டும். அங்கே சம்பாதிக்கும் வேகம் நேர்ப்பாதை முழுதும் வட்டி போடும். டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவின் புத்தா பந்தயத் தடத்தில் மூன்றாம் வளைவு அப்படிப்பட்டது. அதைத் தாண்டினால் ஒரு கிலோமீட்டர் நேர்ப்பாதை. அந்த வளைவின் வாயிலை வேண்டுமென்றே அகலமாக்கி வைத்திருக்கிறார்கள். ஒருவர் உள்ளே புக, இன்னொருவர் வெளியே சுற்ற, இருவரும் குழம்பட்டும் என்று.

வேகமான வளைவுகளின் நியாயம் தலைகீழ். பந்தயக் காரின் இறக்கைகள் விமான இறக்கையைக் கவிழ்த்துப் போட்டவை. காற்று வண்டியைத் தூக்காமல் தரையோடு அழுத்தும். வண்டியின் எடை ஏறக்குறைய 800 கிலோ. முழு வேகத்தில் காற்று அழுத்தும் விசை அதைவிட அதிகம். ஆகவே சில்வர்ஸ்டோனின் காப்ஸ் போன்ற வளைவில் பயந்து வேகத்தைக் குறைத்தால் காற்றின் அழுத்தம் போய்விடும், பிடிப்பும் கூடவே போகும். நம்பிப் போகிறவனை வண்டி தாங்கும். அப்போது ஓட்டுநரின் தலை, ஹெல்மெட்டோடு சேர்த்து ஐந்து மடங்கு எடையாகிப் பக்கவாட்டில் இழுக்கும். இவர்கள் கழுத்துக்கென்று தனியாக உடற்பயிற்சி செய்வது அதனால்தான்.

இனி ஆட்களின் கதை. ஃபார்முலா 1-இல் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு கார்கள், இரண்டு ஓட்டுநர்கள். நீண்ட காலம் பத்து அணி, இருபது இருக்கை என்றுதான் இருந்தது. 2026-இல் காடிலாக் வந்து அது இருபத்திரண்டானது. உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான். ரசிகர்கள் ஃபெராரியா மெக்லாரனா என்று சண்டை போடுவார்கள். ஆனால் ஓட்டுநருக்கு முதல் எதிரி பக்கத்து இருக்கைக்காரர். மற்ற அணியிடம் தோற்றால் காரைக் குறை சொல்லலாம். அதே காரை ஓட்டும் சகாவிடம் தோற்றால் என்ன சொல்வது? 1988-இல் மெக்லாரன் அணியில் சென்னாவும் பிராஸ்டும் சேர்ந்து 16 பந்தயங்களில் 15-ஐ வென்றார்கள். அடுத்த ஆண்டு சுசுகாவின் கடைசி நெளிவில் இருவரும் மோதிக்கொண்டார்கள். பங்காளிச் சண்டை எப்போதும் ஊர்ச் சண்டையைவிடக் கடுமையாகத்தான் இருக்கும்.

கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் என்றொருவர் இருந்தார். மாருதி 800-இன் குட்டி எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காராகச் செய்து, 'ஃபார்முலா மாருதி' என்று ஓடவிட்டார். வெளிநாட்டிலிருந்து பழைய கார் தருவிக்க வசதியுள்ள மகாராஜாக்களும் முதலாளிகளும் சோழவரம் விமான ஓடுதளத்தில் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டு, அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கீழே இறங்கி வந்தது. 1995-இல் அவர் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவருடைய உறவினர், ராலி ஓட்டுநர் ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா 1-இல் பந்தயமோட்டிய முதல் இந்தியர் ஆனார். சகா, போர்ச்சுகலின் டியாகோ மான்டெய்ரோ. அணி கடைசி வரிசை அணி.

அந்த ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். அங்கே பதிமூன்றாம் வளைவு பழைய முட்டை வடிவத் தடத்தின் ஒரு பகுதி. கிண்ணத்தின் ஓரம் மாதிரிச் சாய்வாக இருக்கும். சாய்வு பிடிப்பைக் கூட்டும், ஆனால் டயரைக் கூடுதலாக அழுத்தும். அன்று ஃபார்முலா 1-இன் மற்ற தடங்களில் இப்படியொரு சாய்வில் முழு வேகத்தில் போக வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் பின் டயர் அந்த வளைவில் கிழிந்து, கார் சுவரில் மோதியது. மிஷெலின் நிறுவனம் ஆராய்ந்துவிட்டு, வளைவில் வேகம் குறையாவிட்டால் எங்கள் டயர் பந்தயம் முழுதும் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றது. வளைவுக்கு முன் தடுப்பு வைத்து நெளித்துவிடலாம் என்ற யோசனையை நிர்வாகம் ஏற்கவில்லை.

ஜூன் 19. வரிசைச் சுற்று முடிந்ததும் மிஷெலின் போட்ட 14 கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிட்டுக்குள் போய் நின்றன. தடத்தில் மிச்சம் இருந்தவை பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள்: இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. கூட்டம் ஊளையிட்டது, பாட்டில்கள் பறந்தன. மைக்கேல் ஷூமாக்கர் முதல், பாரிக்கெல்லோ இரண்டாம், மான்டெய்ரோ மூன்றாம். நரேன் நான்காம் இடத்தில் வந்து 5 புள்ளிகள் எடுத்தார். ஃபார்முலா 1-இல் இந்தியர் ஒருவர் எடுத்த புள்ளிகள் இன்றுவரை அவை மட்டும்தான். ஆறு பேரில் நான்காவது என்று கேலி பேசுபவர்கள் உண்டு. எனக்கு உறுத்துவது வேறு. சகாவை முந்தியிருந்தால் கோவைக்காரர் ஒருவர் மேடையேறி ஷாம்பெயின் தெளித்திருப்பார்.

சென்னையின் கருண் சந்தோக்குக்கு வாய்த்த வளைவு மொனாக்கோவின் ராஸ்காஸ். அது ஒரு மீனின் பெயர். அங்கிருந்த உணவகத்தின் பெயர் வளைவுக்கு ஒட்டிக்கொண்டது. சுற்று முடிவதற்குச் சற்றுமுன் வரும் இறுக்கமான வலது திருப்பம், இரு பக்கமும் தடுப்பு. 2006 தகுதிச் சுற்றில் மைக்கேல் ஷூமாக்கர் தன் காரை இங்கே நிறுத்திப் பின்னால் வந்தவர்களைக் கெடுத்தார் என்று அவரைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள். 2010-இல் ஹிஸ்பானியா அணியில் ஓட்டிய கருணை, கடைசிச் சுற்றுகளில், இதே வளைவில் முந்தப் பார்த்தார் லோட்டஸின் யார்னோ ட்ரூல்லி. இருவர் போக இடமில்லாத இடம். ட்ரூல்லியின் கார் ஏறி, கருண் தலைக்கு மேலேயே போனது. அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு பிழைத்தார். தலையைக் காக்கும் 'ஹாலோ' வளையம் ஃபார்முலா 1-இல் வந்தது 2018-இல்தான்.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. அடுத்த ஆண்டு கருண் லோட்டஸ் அணியில் மாற்று ஓட்டுநர். ஜெர்மன் பந்தயத்தில் அவருக்கு இடம் கொடுக்க, ஒரு வாரம் தன் இருக்கையை விட்டுக்கொடுத்து உட்கார்ந்தவர் அதே ட்ரூல்லி.

சின்ன அணிகளில் இருக்கை இப்படித்தான் கைமாறும். திறமை வேண்டும், பின்னாலிருந்து பணம் தர ஆளும் வேண்டும். 2011 தொடக்கத்தில் நரேன் ஹிஸ்பானியாவில் இருந்தார். பாதியில் ரெட்புல் வளர்த்த ஆஸ்திரேலிய இளைஞர் டேனியல் ரிச்சியார்டோ வந்து அந்த இருக்கையில் உட்கார்ந்தார். பின்னாளில் எட்டு பந்தயங்களை வென்ற ரிச்சியார்டோதான்.

அக்டோபர் 30, 2011, புத்தா தடம், முதல் இந்திய கிராண்ட் பிரி. சொந்த நாட்டுப் பந்தயம் என்பதால் நரேனுக்கு மறுபடி இருக்கை கிடைத்தது. இம்முறை விலகி நின்றவர் அணியின் இன்னோர் ஓட்டுநர் லியுட்ஸி. சகாவாக ஓட்டியவர் ரிச்சியார்டோ. வெட்டல் வென்றார். ஹிஸ்பானியா கார்கள் இரண்டும் வழக்கம்போல் வால்பகுதியில் வந்துசேர்ந்தன. முடிவுப் பட்டியலில் நரேன் கார்த்திகேயன் 17. ரிச்சியார்டோ 18.