வெயிலில் கிடந்தாலும் நாய்க்கு வைட்டமின் டி ஊறாது

நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டிப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. தோட்டத்து நாயும் கோழிப்பண்ணை நாயும் பகலெல்லாம் வெளியில்தான் திரிகின்றன. அப்படியிருக்க, இங்கே எந்த நாய்க்கு வைட்டமின் டி குறையப் போகிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் நாயின் தோல் வேறு மாதிரி. வெயில் பட்டால் வைட்டமின் டி ஆக மாறக்கூடிய ஒரு மூலப்பொருள் நம் தோலில் இருக்கிறது, மாட்டுக்கும் உண்டு. நாய், பூனையின் தோலில் ஒரு நொதி அந்தப் பொருளைக் கொலஸ்ட்ராலாக மாற்றிவிடுவதால் வெயிலுக்கு மிச்சம் அநேகமாக எதுவும் இருப்பதில்லை. நாய், பூனைத் தோலில் வெயிலால் வைட்டமின் டி போதிய அளவு ஊறுவதில்லை என்பதை நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 1994-ல் உறுதிப்படுத்தினார்கள். ஆக, நாய்க்கு வைட்டமின் டி வருகிற ஒரே வழி அதன் சாப்பாட்டுத் தட்டு.

பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கூண்டுக் கோழிக்குத் தீவனத்தில் வைட்டமின் டி3 கலக்காவிட்டால் முட்டை ஓடு மெலிந்துவிடும். நாய்க்கும் அப்படித் தீனியில்தான் கிடைத்தாக வேண்டும். மீன், ஈரல், முட்டை மஞ்சள் கரு மூன்றிலும் இருக்கிறது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 40 யூனிட். வெறும் தயிர்ச்சோற்றில் அநேகமாக ஒன்றுமில்லை. 1919-ல் லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்குக் கஞ்சியை முக்கிய உணவாகக் கொடுத்து வளர்த்தபோது எலும்பு வளைந்தது. காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்ததும் சரியானது. வைட்டமின் டி கண்டுபிடிப்புக்கு வழி திறந்ததே அந்தக் குட்டிகள்தான்.

எலும்போடு இதன் வேலை முடிவதில்லை. நோயை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்களிலும் இந்த வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. கிருமி வந்தால் பாயவும், வேலை முடிந்ததும் அடங்கவும் அந்த அணுக்களுக்கு இது உதவுகிறது. அடங்காமல் போனால் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும். தன் சிவப்பணுக்களைத் தானே அழிக்கும் ரத்தசோகை அப்படிப்பட்டது: ஈறு வெளுக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், நாலடி நடந்தாலே நாய்க்கு மூச்சிரைக்கும். இந்த ரத்தசோகை வந்த நாய்களிலும், நாள்பட்ட குடல் அழற்சி உள்ள நாய்களிலும் வைட்டமின் டி குறைவாக இருப்பதை வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மிகவும் குறைந்திருந்த நாய்களில் பிழைக்காமல் போனவை அதிகமாகவும் இருந்தன.

குறைவால் நோய் வந்ததா, நோயால் குறைந்ததா? இங்கேதான் நிதானம் வேண்டும். குடல் கெட்டால் கொழுப்பு செரிக்காது, கொழுப்பில் கரையும் இந்த வைட்டமினும் உடம்பில் சேராது. நோயாளி நாய் சாப்பிடுவதும் இல்லை. அழற்சியே ரத்தத்தில் இதன் அளவை இறக்கிவிடும். ஆகவே குறைவு என்பது நோயின் கடுமையைச் சொல்லும் அடையாளமாக மட்டும்கூட இருக்கலாம். நம் ஊரில் ஈறு வெளுத்த நாய்க்கு முதலில் பார்க்க வேண்டியது உண்ணிக் காய்ச்சலை. உண்ணி பரப்பும் பபீசியா, எர்லிக்கியா கிருமிகளே எதிர்ப்புச் சக்தியை நாயின் சொந்த அணுக்கள் மீது திருப்பிவிடக்கூடியவை. உண்ணியை விட்டுவிட்டு வைட்டமினைத் தேடினால் நாய் கைவிட்டுப் போகும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது மருந்துக்கடையில் கிடைக்கும் 60,000 யூனிட் பாக்கெட். மனிதர்களுக்கு வாரம் ஒன்று என்று எழுதித் தருவார்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும். அதில் இருப்பது 1.5 மில்லிகிராம் டி3. நாய்க்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் போனாலே நஞ்சின் அறிகுறிகள் தெரியலாம். 15 கிலோ நாய்க்கு அந்த ஒரு பாக்கெட்டே அந்த அளவைத் தொட்டுவிடுகிறது. வாந்தி, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு என்று ஓரிரு நாளில் தொடங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதாகலாம். 2019-ல் அமெரிக்காவில் டி அளவு மீறிய டப்பா நாய் உணவுகளைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள். சொரியாசிஸுக்குத் தடவும் கால்சிபோட்ரியால் களிம்பும் இதே குடும்பம். தடவிய கையை நாய் நக்க விடக் கூடாது.

நாய் தெரியாமல் பாக்கெட்டைத் தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உறையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். நாமக்கல் மோகனூர் சாலையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இருக்கிறது. நாள்பட்ட வயிற்றுப்போக்கோ வெளுத்த ஈறோ இருந்தால், ரத்தப் பரிசோதனையோடு கால்சியம் அளவையும் பார்த்த பிறகு மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் டி கொடுங்கள். நன்றாக இருக்கும் நாய்க்குச் சோற்றோடு வேகவைத்த முட்டையும், அவ்வப்போது கொஞ்சம் ஈரலோ முள் எடுத்த மீனோ சேர்த்துக் கொடுத்து வாருங்கள்.