ஆறுக்கு ஆறு

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. பார்வைக் கூர்மையை அளக்கும் ஸ்னெல்லன் பலகையோ நெதர்லாந்தில் 1862இல்தான் பிறந்தது. 6 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்க வேண்டும். 6/6 வரியின் எழுத்து ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் உயரம்தான். உச்சியிலுள்ள பெரிய எழுத்து அதைப்போல் 10 மடங்கு. அது மட்டுமே தெரிந்தால் பார்வை 6/60: நல்ல பார்வையுள்ளவர் 60 மீட்டரிலிருந்து படிப்பதை, இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிப்பார்.

ஆங்கிலப் பலகையில் எழுத்தை மட்டும் மாற்றினால் தமிழ்ப் பலகை ஆகிவிடாது. 'ட' சட்டென்று தெரியும். அதே உயரத்தில் 'ஐ'யின் சுழிகள் குழம்பும். வரிக்கு வரி ஒரே விகிதத்தில் சிறுக்கும் தமிழ் 'லாக்மார்' பலகையைச் சென்னை ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டார்கள்.

6/6 வந்தாலும் கண் நீர் அழுத்த நோய் இருக்கலாம். அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. நாற்பதைத் தாண்டியவர்கள் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.