இணையம் இல்லாத போனில் காசு போவது எப்படி?

வன்னியின் மல்லாவியில் இருக்கும் ஒரு தாய், யாழ்ப்பாணத்தில் படிக்கும் மகனுக்குப் பழைய பட்டன் போனிலேயே காசு அனுப்பலாம். இணையம் தேவையில்லை. எப்படி?

டயலொக் தொலைபேசி நிறுவனம் 2012இல் தொடங்கிய ஈசி காஷ் சேவைக்கு #111# என்று அழுத்தினால், அழைப்புகளை இணைப்பதற்கென்று போனுக்கும் கோபுரத்துக்கும் இடையே இருக்கும் சமிக்ஞை வழி திறக்கிறது. தொகையும் இரகசிய இலக்கமும் அதிலேயே போகின்றன. காசுத் தாள் எதுவும் நகர்வதில்லை. கணினியில் தாயின் கணக்கு குறைய, மகனின் கணக்கு கூடுகிறது. அதற்கு ஈடான உண்மைக் காசு வங்கியில் இருக்கும். 2007இல் கென்யாவின் எம்-பெசா போன் காசுச் சேவை காட்டிய வழி இது.

கடைகளில் போனால் காசு கொடுக்கும் லங்காகியூஆர் முறை வேறு. கடையில் ஒட்டியிருக்கும் சதுரத்துக்குள் இருப்பது கடைக்காரரை அடையாளம் காட்டும் இலக்கம்தான். போன் அதை வாசித்து இணையம் வழியே வங்கிக்குச் சொல்கிறது. 2024 பெப்ரவரியில் இந்தியாவின் போன் கொடுப்பனவு முறையான யூபிஐயும் இதனோடு இணைந்தது.

பிறகு ஏன் கைக்காசு ஒழியவில்லை? ஏனென்றால், வாங்கிய காசை அடுத்தவருக்குக் கொடுக்க முடியவேண்டும். நாட்கூலியும் அறுவடை மெஷின் வாடகையும் கையில் கேட்கப்படும்வரை, கடைக்காரரும் தாளைத்தான் விரும்புவார். ஆகவே வன்னியில் மாற்றம் கடையில் தொடங்காது, நெல் வாங்குமிடத்தில்தான் தொடங்கும் என்று நினைக்கிறேன். நெல்லுக்கான காசு போனில் விழுந்தால், உரக்கடையும் மெஷின்காரரும் தாமாகவே போனில் வாங்கத் தொடங்குவார்கள்.