கெர்னல் எடுத்துக்கொண்ட நினைவகம்

லினக்ஸ் சர்வர் திணறுகிறது. ஓடும் புரோகிராம்கள் பிடித்திருக்கும் நினைவகத்தையும் கோப்புகளுக்கான கேஷையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. மிச்சம் எங்கே? பெரும்பாலும் இயக்கமுறைமையின் மையமான கெர்னலிடம். கோப்புப் பெயர்கள், நெட்வொர்க் இணைப்புகள் போன்றவற்றை நினைவில் வைக்க கெர்னல் எடுக்கும் இடம் எந்தப் புரோகிராமின் பெயரிலும் ஏறாது.

'மெம்இன்ஃபோ' கோப்பில் 'ஸ்லாப்' என்ற வரியை முதலில் பாருங்கள். அதில் ஒரு பகுதி, தேவைப்பட்டால் கெர்னலே விட்டுக்கொடுக்கக்கூடியது. லட்சக்கணக்கான கோப்புகளைத் தேடி முடித்தால் அது வீங்கும், பயப்பட ஒன்றுமில்லை. விட்டுக்கொடுக்க முடியாத பகுதி ஏறிக்கொண்டே போனால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஸ்லாப் முறையை 1994இல் சன் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக் விவரித்தார். ஒரே அளவுள்ள துண்டுகளை முன்கூட்டியே வெட்டி வைத்து, கேட்டவுடன் கொடுப்பதுதான் அது. வேகம் கிடைக்கிறது, வீணும் உண்டு. லினக்ஸில் பொது ஒதுக்கீட்டில் 260 பைட் கேட்டால் 512 பைட் துண்டு கிடைக்கும். 252 பைட் சும்மா கிடக்கும்.

'ஸ்லாப்டாப்' என்ற கருவி எந்த வகைத் துண்டு பெருகுகிறது என்று காட்டும். கேட்டது யார் என்பதை 'பெர்ஃப் கேமெம்' என்ற கருவி சொல்லும். ஒதுக்கும் இடத்திலும் விடுவிக்கும் இடத்திலும் கெர்னலுக்குள் கண்காணிப்புப் புள்ளிகள் உள்ளன. சாதாரணமாக அங்கே எதுவும் செய்யாத கட்டளை ஒன்றே இருக்கும். கண்காணிப்பைத் தொடங்கியதும் அது மாற்றி எழுதப்படும். ரூட் அனுமதியோடு சில விநாடிகள் பதிவு செய்தால் போதும், அதற்குள்ளேயே பதிவுக் கோப்பு மளமளவென்று பெருத்துவிடும். பிறகு எந்தப் பங்ஷன், எத்தனை முறை, எவ்வளவு கேட்டது, எவ்வளவு பெற்றது என்று பட்டியல் வரும். பதிவுக்கு முன் நடந்த ஒதுக்கீடு மட்டும் அதில் இராது. ஆகவே கசிவு நடக்கும்போதே பிடிக்க வேண்டும்.

புள்ளி வைக்கப்படாத இடத்தைப் பார்க்க 'கேப்ரோப்' இருக்கிறது. ஓடும் கெர்னலில் விரும்பிய கட்டளையின் மேல் தற்காலிகமாக ஒரு நிறுத்தக் கட்டளையை வைத்து, தகவலை எடுத்துக்கொண்டு, பழைய வேலையைத் தொடரவிடும் நுட்பம். இது 2004இல் 2.6.9 பதிப்பில் லினக்ஸுக்குள் வந்தது. அதன் முதல் வடிவை 2002 அக்டோபரில் எழுதியவர் ஐபிஎம் இந்தியாவின் வம்சி கிருஷ்ணா. பிரசன்னா பஞ்சமுகியும் சுபர்ணா பட்டாச்சார்யாவும் அதை வளர்த்தார்கள். கேப்ரோப் மூலநிரலின் தொடக்கத்திலேயே இவர்கள் பெயர்கள் உள்ளன.

இயக்கமுறைமைகளைப் பாடமாக நடத்தும் நம் கல்லூரிகள் இக்கருவிகளை ஆய்வக வகுப்பில் சேர்க்க வேண்டும். இவை இலவசம், பழைய மடிக்கணினியே போதும்.