பேக்கப் ஓடியதா என்று யார் பார்ப்பது?

நான் படமெடுத்த கல்வெட்டுகள் சிலவற்றின் மேல் இப்போது பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அந்தப் படங்கள் போனால் போனதுதான். அதனால் வீட்டு சர்வரின் பேக்கப்பில் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

ஸ்னாப்ஷாட் எளிது. இசட்எஃப்எஸ் பழைய பிளாக்கின் மேல் எழுதாது. மாற்றத்தை வேறிடத்தில் எழுதிவிட்டுச் சுட்டியை மாற்றும். ஸ்னாப்ஷாட் என்றால் "பழைய பிளாக்குகளை விட்டுவிடாதே" என்று சொல்லிவைப்பதுதான். மணிக்கொன்று எடுத்தாலும் மாறிய அளவுக்குத்தான் இடம் போகும். எடுப்பதும் கழிப்பதும் சனாய்டு பாடு. ஆனால் டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே போகும். எனவே ரெஸ்டிக் வழியாக வேறு வீட்டில் இன்னொரு பிரதி. இதுவரை எல்லோரும் எழுதுவதுதான்.

தானாக ஓடவிட்ட பிறகுதான் சிக்கல். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினால் ஒன்றுமே இல்லை! தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுத்த நிரல் 9.2, பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய க்ரான் மெயில்களும் டிமார்க் சிக்கலால் நிராகரிக்கப்பட்டன. காப்பாற்றியது, சுமார் 6 மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஓர் எல்விஎம் ஸ்னாப்ஷாட். அவர்களே இதையெல்லாம் மறைக்காமல் எழுதினார்கள், அது பெரிய விஷயம்.

நாமும் வீட்டில் "தோற்றால் மெயில் அனுப்பு" என்றுதான் வைக்கிறோம். மெஷினே அணைந்து கிடந்தால் யாருங்க அனுப்புவது? தலைகீழாக வைக்கணும். பேக்கப் முடிந்தால் மட்டும் வெளியே ஹெல்த்செக்ஸுக்கு ஒரு பிங். 26 மணி நேரம் பிங் வராவிட்டால் அது என் ஃபோனைக் கூப்பிடும். (இதை அதே சர்வரில் நிறுவினால் பிரயோஜனமில்லை.)

இரவு 2 மணிக்குக் கரண்ட் இல்லையென்றால் சாதாரண க்ரான் அன்றைய வேலையை அப்படியே விட்டுவிடும். சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டென்ட் என்பதை இயக்கினால், மெஷின் எழுந்ததும் விட்டதை ஓட்டும்.

பிங் வந்தாலும் கோப்பு திறக்குமா? மாதம் ஒருமுறை ஏதாவதொரு ஃபோல்டரை ரெஸ்டிக்கிலிருந்து இறக்கி, மூலத்தோடு ஷா-256 ஒப்பிடும் ஒரு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. அதற்கும் தனி பிங். கடவுச்சொல்லை மட்டும் தாளில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். அது தொலைந்தால் ரெஸ்டிக் பிரதியை யாராலும் திறக்க முடியாது.