பின்சக்கரம் ஏன் துள்ளுகிறது?

பால் கேன்களைச் சுமந்து செல்லும் மோட்டார் சைக்கிள்களை நம் ஊர்ப் பக்கங்களில் நாள்தோறும் காண்கிறோம். 1994-இல் வெளிவந்த ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரும் அதையொத்த பழைய வண்டிகளும் இன்றும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அவற்றின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் நிற்கும் ‘ஷாக் அப்சார்பர்’கள் தேய்ந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம்.

பள்ளத்தின் அதிர்ச்சியை ஏற்பது வெளியே தெரியும் சுருள்வில்தான். ஆனால் வில்லை அமுக்கி விட்டால் அது உடனே ஓயாது. மேலும் கீழும் அலைந்துகொண்டே இருக்கும். அதை அடக்குவது உள்ளிருக்கும் எண்ணெய். பிஸ்டனின் சிறு துளைகள் வழியே எண்ணெய் பிதுங்கிச் செல்கையில் அலைவின் ஆற்றல் வெப்பமாகிறது. வகுப்பில் நாம் படிக்கும் தடையுறு அலைவு இதுவே.

நாளடைவில் ஆயில் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்துவிடுகிறது. வில் மட்டும் மிஞ்சுகிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தந்தை, “வண்டி துள்ளுது, பிரேக் நிக்கல” என்பார். சமன்பாடு ஏதுமின்றி அவர் கண்டது முற்றிலும் சரி. சக்கரம் தரையை விட்டு எழும் கணத்தில் உராய்வு இல்லை. உராய்வு இல்லையேல் பிரேக்கும் இல்லை. கேன்களோடு விடியற்காலை இருட்டில் போகிறவருக்கு இது வெறும் முதுகுவலிச் சங்கதி அன்று.

சோதிப்பது எளிது. இருக்கையின் பின்பகுதியை நன்றாக அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றுவிட்டால் நலம். மீண்டும் மீண்டும் ஆடினாலோ, தண்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இருபுறமும் விசை வேறுபட்டால், சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் முறுக்கப்படும். இதில் சிக்கனம் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை.

முதல் நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது நல்லது. சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்டயருக்கு அடியில் மரக்கட்டையை அண்டக் கொடுங்கள். அளவு பொருந்திய ரிங் ஸ்பேனரே வேண்டும். மற்றது நட்டின் முனைகளை மழுக்கிவிடும். ஒரு பக்கத்தைக் கழற்றிப் புதியதைப் பூட்டிய பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கழற்றினால் சக்கரத்தைப் பிடித்து நிற்க ஒன்றும் இராது. வாசர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். துளை நேராக வராவிட்டால் சுத்தியல் வேண்டாம். ஒரு பலகையால் சக்கரத்தைச் சற்றே நெம்பினால் போல்ட் தானே நுழையும். முதலில் மரையைக் கையால் ஏற்றி, பின்பு இறுக்குங்கள். சில நாள் ஓட்டிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.

கழற்றிய பழையதை அறுத்துப் பிரிக்கும் ஆவல் இயற்பியல் மாணவருக்கு வரக்கூடும். அமுங்கிய வில் தெறித்தால் கண் போய்விடும், அதைச் செய்யாதீர்கள்.

வில்லின் அடியில் படிபடியாகத் திரும்பும் வளையம் ஒன்று உண்டு. அதை இருபுறமும் ஒரே படியில் வைக்க வேண்டும். கனத்த சுமைக்கு மேல் படி ஏற்றது. தேய்ந்த ஷாக் அப்சார்பரிலேயே இவ்வளையத்தைத் திருப்பி, “சரியாகிவிட்டது” என்பாரும் உளர். அதனால் வண்டியின் பின்புறம் சற்று உயரும். துள்ளல் அப்படியேதான் இருக்கும்.