துவரைக் காயைத் துளைக்கும் இறகு அந்து

துவரைக் காயில் துளை கண்டவுடன் "காய்ப்புழு விழுந்துவிட்டது" என்று ஒரே பெயரிட்டுக் கூறுவது குடியானவர்களிடையே வழக்கமாயிருக்கிறது. துளைப்பது ஒரே பூச்சியன்று. அவற்றுள் இறகு அந்து என்பதை மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் தனியே அறிந்துகொள்ளுதல் அவசியம்.

இது மெலிந்த பழுப்பு நிற அந்து. முன் சிறகு இரண்டாகவும் பின் சிறகு மூன்றாகவும் பிளந்து, ஓரங்களில் மயிர் செறிந்து, பறவை இறகு போலத் தோன்றும். அமரும்போது உடலுக்குக் குறுக்கே குச்சி வைத்தாற்போல் சிறகுகளை நீட்டிக்கொள்ளும். சாஸ்திர நூல்களில் இதன் பெயர் எக்ஸிலாஸ்டிஸ் அட்டமோஸா. 1914-ல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி நூல் வெளியிட்ட பிளெட்சர் துரை இவ்வினத்தில் தனி நாட்டமுடையவர். காலிபோர்னியாவில் இதன் உறவான அந்து ஒன்று முட்செடிகளையும் ஆர்ட்டிசோக் என்னும் கறிகாயையும் அழிக்கிறது. நமக்கு வாய்த்தது துவரை தின்னி.

புழு அரை அங்குல நீளம். பசுமை கலந்த பழுப்பு. நடு பருத்து இரு நுனியும் சிறுத்து, உடலெங்கும் குறுமயிரும் முள்ளும் உடையது. மொட்டையும் பூவையும் தின்று, பின் காயைச் சுரண்டித் துளைத்து விதையை உண்ணும். காய்க்குள் முழுதும் புகாது. பச்சைக் காய்ப்புழுவோ இதனினும் பன்மடங்கு பெரிது. அதன் துளையும் பெரிது. காய் ஈயின் புழு உள்ளேயே வளர்வதால் வெளியில் குறி தெரியாது. காயை உரித்தால் காலற்ற வெண்புழு காணலாம்.

ஒரு தை மாதத்தில், மருந்து தெளித்த சில தினங்களில், நிலச்சொந்தக்காரர் ஒருவர் என்னை அழைத்து, "பாருங்கள் ஐயா, புழுவெல்லாம் காயிலேயே செத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்றார். அவை கூட்டுப்புழுக்கள். இப்பூச்சியின் கூட்டுப்புழுவும் மயிரடர்ந்து புழுவைப் போன்றே இருப்பதால் இம்மயக்கம் நேரும். பயிற்சிக் காலத்தில் நானும் ஏமாந்தேன். சிலவற்றைச் சீசாவிலிட்டு வாயைத் துணியால் கட்டி அவரிடமே கொடுத்து வந்தேன். அவ்வாரத்திலேயே அந்துகள் வெளிவந்தன. அதற்குள் வயலிலுள்ளவையும் பறந்து பின்பூக்களில் முட்டையிட்டுவிட்டன.

செத்த புழு துவண்டு சுருங்கும். கூட்டுப்புழு உருக்குலையாது வால் நுனியால் காயில் பற்றியிருக்கும். ஐயமிருப்பின் சீசாப் பரீட்சை செய்க.

பூக்கும் தருணத்திலேயே 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு வீதம் இடித்து ஊறவைத்து வடித்த சாற்றைத் தெளிக்கலாம். சிறு பாத்தியாயின் செடியின் அடியில் துணி விரித்து உலுக்கி, விழும் புழுக்களை அழிக்கலாம். சேத அறிக்கை எழுதும் கிராம அதிகாரிகள், வரப்போரத்துச் செடிகளை மட்டும் நோக்காது, வயலின் பல இடங்களில் நூறு காய் பறித்து உரித்து, எப்புழுவால் எத்தனை கெட்டன என்று பிரித்து எழுதவேண்டும்.